உப்புக் காற்றில் இடுப்புத் துப்பாக்கி: .32 வாங்குமுன் பார்க்க வேண்டியவை

தொண்டிப் பக்கம் இறால் பண்ணை, கீழக்கரையில் நகைக்கடை, மண்டபத்தில் மீன் கமிஷன். ரொக்கத்தோடு இரவில் தனியாகப் போய்வர வேண்டிய தொழில்கள் நம் கரையில் நிறைய உண்டு. இப்படிப்பட்டவருக்குக் கைத்துப்பாக்கி லைசென்ஸ் கிடைத்ததும் முதலில் கேட்பது, "எதுக்குப் பவர் ஜாஸ்தி?" என்பதுதான். இந்த ஊருக்கு அது இரண்டாவது கேள்வி. ஒரு வருடம் வேர்வையிலும் உப்புக் காற்றிலும் கிடந்த பிறகு டிரிக்கரை இழுத்தால் வெடிக்குமா? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஆயுதச் சட்டம் 1959-இன்படி 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது. லைசென்ஸ் ஐந்து வருடத்துக்குச் செல்லும். 9 மி.மீ., .38 இரண்டும் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். இந்த எண்கள் குழல் துளையின் அகலத்தைக் குறிப்பவை. ஆகவே நடைமுறையில் மிஞ்சுவது .32, .22 இரண்டுதான். பலருக்குத் தெரியாத ஒன்று: 2016 ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள், முழுவதும் மூடியபடிதான் இருக்க வேண்டும். கல்யாண வீட்டில் இடுப்பில் தெரியும்படி செருகிக்கொண்டு நிற்பது கௌரவம் இல்லை, குற்றம். கொண்டாட்டத்துக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டால், மற்றவர் உயிருக்கு ஆபத்து வரும்படி என்றால், இரண்டு வருடம் வரை சிறை.

இனி ரகங்கள். கான்பூரில் தயாராகும் .32 ரிவால்வர் (சுழலும் சிலிண்டரில் குண்டு போடும் துப்பாக்கி) ஆறு குண்டு, 3 அங்குலக் குழல், சுமார் 700 கிராம். பழைய ஆங்கிலேய வெப்லி ரிவால்வர் போல மேல்பக்கக் கொக்கியைத் தள்ளினால் நடுவில் முறிந்து திறக்கும் அமைப்பு. 2014-இல் வந்த நிர்பீக் டைட்டானியம் கலப்பு உலோகம், அரை கிலோவைச் சற்றுத் தாண்டும். வெளிவந்தபோது விலை 1,22,360 ரூபாய். 2023-இல் வந்த பிரபல் ரிவால்வரில் சிலிண்டர் பக்கவாட்டில் விலகும். அதே .32-இல், மேகஸினில் குண்டு போடும் பிஸ்டல் வேண்டுமென்றால் அஷானி. .22-இல் நிடர்: 250 கிராம், எட்டுக் குண்டு, 40 மி.மீ. குழல்.

நிடரைக் கையில் எடுத்துப் பார்த்ததும் எல்லோருக்கும் ஆசை வரும். சட்டைக்குள் இருப்பதே தெரியாது. ஆனால் .22 தோட்டாவில் தீமருந்து அடிப்பகுதி விளிம்பைச் சுற்றிப் பரவியிருக்கிறது. அது எல்லா இடத்திலும் ஒரே அளவில் படிவதில்லை. சுத்தியல் அடித்த இடத்தில் மருந்து குறைவாக இருந்தால் வெடிக்காது. ஈரம் உள்ளே புகவும் .32-ஐ விட வழி அதிகம். ரிவால்வராக இருப்பதால் மறுபடி இழுத்தால் அடுத்த குண்டு வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் நடுங்கும் கையில், இரண்டு விரலுக்கு மட்டும் இடமுள்ள பிடியில், குறிபார்க்கும் முனைகளுக்கு இடையே இவ்வளவு குறைந்த தூரத்தில் ஏழெட்டு அடி தள்ளி நிற்பவரைக்கூடத் தவறவிடலாம். 700 கிராமைத் தூக்கிச் சுமக்க முடியாத உடம்பு என்றால் மட்டும் .22 பக்கம் போங்கள்.

பிஸ்டலா ரிவால்வரா என்றால், நம் கரைக்கு ரிவால்வர்தான். பிஸ்டலில் ஸ்லைடு பின்னால் போய் வர வேண்டும், மேகஸின் ஸ்பிரிங் தள்ள வேண்டும். மணல், உப்பு, பிசுக்கு எது சேர்ந்தாலும் ஓரிடத்தில் மாட்டும். ரிவால்வரில் ஒரு குண்டு ஊமையானால் அடுத்த இழுப்பு போதும். .32 ரிவால்வர் தோட்டாவின் வேகம் நொடிக்கு 220 மீட்டர் அளவில், ஆற்றல் சுமார் 150 ஜூல். 9 மி.மீ.-இல் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் உதைப்பு குறைவு. ஆறும் குறி தவறாமல் போக வேண்டும் என்ற பயிற்சி அதைவிட முக்கியம்.

கடையில் ஒரு எச்சரிக்கை. ".32" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். ரிவால்வருக்கு .32 எஸ் அண்டு டபிள்யூ லாங், தோட்டாவின் பித்தளை உறை நீளம் 23 மி.மீ.; பிஸ்டலுக்கு .32 ஏ.சி.பி., 17 மி.மீ. இரண்டையும் 7.65 மி.மீ. என்றும் சொல்வார்கள். மாற்றிப் போடக் கூடாது. பெட்டியில் உள்ள பெயரைத் துப்பாக்கியில் பொறித்த பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கவுன்டரிலேயே செய்ய வேண்டிய சோதனை: திறந்து ஆறு அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். சிலிண்டர் பக்கம் வெள்ளைத் தாள் ஒன்றை வைத்து, குழல் வாய் வழியாக வெளிச்சத்தில் நோக்கினால் உள்ளே புள்ளி புள்ளியாகத் துரு அரித்திருந்தால் தெரியும். பிறகு மூடி, சுத்தியலை மெதுவாக இழுங்கள். அது முழுதாக நிற்பதற்குள் சிலிண்டர் "டக்" என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் ஆறு முறை. ஓர் அறைக்கு மட்டும் பூட்டு தாமதமானால் குண்டு குழலின் விளிம்பைச் சீவிக்கொண்டு போகும், ஈயத்தூள் பக்கவாட்டில் தெறிக்கும். முறியும் அமைப்பில் கீல் ஆணியையும் கொக்கியையும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் வேண்டாம். கடைசியாக, கீழே விழுந்தால் சுத்தியல் குண்டில் படாதபடி உள்தடுப்பு உண்டா என்று கேளுங்கள். உறுதியான பதில் வராவிட்டால் ஐந்து குண்டு மட்டும் போட்டு, சுத்தியலுக்குக் கீழே உள்ள அறையைக் காலியாக விடுங்கள்.

வேட்டி கட்டுபவர்களுக்கு: பச்சை பெல்ட்டில் செருகும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அந்தத் துணி தளர்ந்து கொடுக்கும், 700 கிராம் ஒரு பக்கமாக இழுக்கும், டிரிக்கர் மூடாமல் இருக்கும். உள்ளே கால்சட்டை போட்டு, நான்கு செ.மீ. அகலமுள்ள விறைப்பான பெல்ட்டில் உறையை மாட்டி, வலது இடுப்பு எலும்புக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். சட்டையை வெளியே விட்டால் மறைந்துவிடும், பைக்கில் உட்கார்ந்தாலும் வயிற்றைக் குத்தாது. உறை டிரிக்கர் வளையத்தை முழுவதும் மூட வேண்டும். கைப்பையில் வைத்தால், பையைப் பறிப்பவன் கைக்குத் துப்பாக்கியும் போய்விடும்.

துருதான் இங்கே பெரிய எதிரி. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் ஏர்வாடி, கீழக்கரையில் தென்கடல் உப்பு காற்றில் ஏறி வரும். வாடைக்குத் தேவிபட்டினம், தொண்டி. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் தானே நீரை இழுத்து இரும்பின் மேல் படலமாகப் படியும். கறுப்பு நிறப் பூச்சு அதைத் தடுக்காது. டைட்டானியம் உடம்பு என்றாலும் உள்ளே ஸ்பிரிங்கும் ஆணியும் எஃகுதான்.

தினமும் கழற்றியதும் காய்ந்த பருத்தித் துணியால் வேர்வையைத் துடைத்து, துப்பாக்கி எண்ணெய் தடவிய துணியால் ஒரு முறை. வாரம் ஒரு முறை குண்டுகளை எடுத்துவிட்டு, சுட்ட உறைகளை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்தின் அடியை டூத்பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். அங்கே வேகாத மருந்துத் துகள் ஒன்றிரண்டு ஒட்டியிருந்தாலே சிலிண்டர் இறுகும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகும், மண்ணெண்ணெய் ஆவியாகிப் போகும், இரண்டும் வேண்டாம். துருவை இளக்கும் ஸ்பிரேயைக் குண்டு போட்ட துப்பாக்கி மேல் அடிக்கவே கூடாது. அது தோட்டாவின் அடிக்குள் ஊறி மருந்தைக் கெடுக்கும்.

வீட்டில் தோல் உறையோடு வைக்காதீர்கள். தோல் வேர்வையைப் பிடித்து வைத்திருக்கும். பதனிட்ட அமிலம் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும். அந்தக் களிம்போடு தோட்டாவை அறைக்குள் தள்ளினால் பாதியில் நிற்கும், சுட்டபின் வெளியே வராது. சிலிகா ஜெல் பை போட்ட இரும்புப் பெட்டியில், பூட்டி, குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். இடுப்பில் சுமக்கும் ஆறு தோட்டாவை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பயிற்சிக்களத்தில் சுட்டுத் தீர்த்துப் புதிது போடுங்கள். அதற்கும் சேர்த்து லைசென்ஸில் குறித்த ஆண்டுத் தோட்டா அளவைக் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள்.

எப்போது எடுக்கலாம்? பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றச் சட்டத்தில் தற்காப்பு பற்றிய 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளை ஒரு வக்கீலோடு உட்கார்ந்து படியுங்கள். உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ உடனடி அச்சம் இருந்தால்தான். தேவைக்கு மேல் தீங்கு செய்ய உரிமை இல்லை. பையைப் பறித்துக்கொண்டு ஓடுபவன் முதுகில் சுட்டால் நீங்கள்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்பீர்கள். படகில் கொண்டுபோகவும் வேண்டாம். எல்லைக்கோடு பக்கத்திலேயே இருக்கும் கடல் இது. இலங்கை நேவியிடம் துப்பாக்கியோடு மாட்டினால் இங்கத்து லைசென்ஸ் அங்கே செல்லாது.

தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். செப்டம்பர் 11 (இம்மானுவேல் சேகரன் நினைவு நாள்), அக்டோபர் 30 (தேவர் ஜெயந்தி) ஒட்டி ராமநாதபுரம் மாவட்டத்தில் தடை உத்தரவு போடுவதும் வழக்கம். உத்தரவைப் படித்துப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். ஒப்படைக்கும்போது குழலுக்குள்ளும் ஆறு அறைக்குள்ளும் கிரீஸைச் சற்றுத் தடிப்பாகத் தடவி, எண்ணெய்த் தாளில் சுற்றிக் கொடுத்து, எண்ணோடு ரசீது வாங்குங்கள். திரும்ப வாங்கியதும் குழலிலும் ஆறு அறையிலும் உள்ள கிரீஸை முழுவதும் துடைத்து எடுத்துவிட்டுத்தான் குண்டு போட வேண்டும்.