62 சதவீதத்தில் நின்றுபோன இன்ஸ்டால்

கோடை விடுமுறைக்கு அக்கா மகன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். ஆறாம் வகுப்பு முடித்திருக்கிறான். வீடு கட்டி, வயல் போட்டு, ஊரைப் பெருக்கிக்கொண்டே போகும் விளையாட்டு ஒன்றை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். கொஞ்சம் பழைய விளையாட்டு என்பதால் தள்ளுபடி விலையில் கிடைத்தது. பணம் கட்டி முறையாக வாங்கிக் கொடுத்தேன். மொத்தம் 11 ஜிபி. ஒரு சின்ன செட்டப் கோப்பு, கூடவே மூன்று பெரிய கோப்புகள். எங்கள் வீட்டு இணைப்பில் எல்லாம் இறங்க இரண்டு இரவு பிடித்தது.

மூன்றாம் நாள் காலை பல் கூடத் துலக்காமல் வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டான். இன்ஸ்டால் 31 சதவீதத்தில் ஒருமுறை நின்றது. ரீட்ரை அழுத்தியதும் தொடர்ந்தது. 62 சதவீதத்தில் மறுபடியும் நின்றது. இந்த முறை எத்தனை தடவை ரீட்ரை அழுத்தியும் நகரவில்லை. வந்த செய்தி இதுதான்: இலக்கு ஃபோல்டரில் ஒரு கோப்பின் பெயரை மாற்ற முடியவில்லை, மூவ்ஃபைல் ஃபெயில்ட், கோட் 5, ஆக்சஸ் இஸ் டினைட். அதற்கு மேல் வரியில் ஒரு டிஎல்எல் கோப்பின், அதாவது மென்பொருள் ஓடத் தேவையான ஒரு துணைக் கோப்பின், முழுப் பெயர் இருந்தது.

"மாமா, இக்னோர்னு ஒரு பட்டன் இருக்கே, அதை அழுத்தவா?" என்றான். சரி என்றேன். இன்ஸ்டால் முடிந்தது, ஐகானும் வந்தது. ஆனால் விளையாட்டு திறக்கவே இல்லை. அந்த டிஎல்எல் கோப்பு இல்லாமல் அது திறக்காது என்று பிறகுதான் புரிந்தது. உங்களுக்கும் இப்படி ஒரு ஜன்னல் வந்தால் இக்னோரை மட்டும் அழுத்தாதீர்கள். அந்தக் கோப்பின் பெயரை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கடைசிவரை உதவியது அந்தப் பெயர்தான்.

டவுன்லோட் கெட்டுப்போயிருக்குமோ என்பதுதான் என் முதல் சந்தேகம். பென் டிரைவில் எல்லாவற்றையும் ஏற்றிப் பக்கத்து வீட்டுத் தம்பியின் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு தடங்கலும் இல்லாமல் இன்ஸ்டால் ஆனது. ஏற்றும்போது ஏதாவது மாறியிருக்கலாம் என்று அதையும் சரிபார்த்தேன். விண்டோஸிலேயே செர்ட்யூட்டில் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதில் ஹாஷ்ஃபைல் என்ற தெரிவையும் கோப்பின் பெயரையும் கொடுத்து, கடைசியில் எஸ்எச்ஏ256 என்று சேர்த்தால், அந்தக் கோப்புக்கே உரிய 64 எழுத்து கொண்ட ஒரு கைரேகையைக் காட்டும். கோப்பில் ஒரே ஒரு பைட் மாறினாலும் இந்தக் கைரேகை மாறிவிடும். இரண்டு கம்ப்யூட்டரிலும் நான்கு கோப்புகளுக்கும் ஒன்று போலவே வந்தது. ஆக, கோப்புகளில் குறை இல்லை.

டிஸ்கில் 140 ஜிபி காலியாக இருந்தது. நிர்வாகி உரிமையோடு ஓட்டியும் பார்த்தோம். அதே 62.

அன்று மதியம் அந்த இன்ஸ்டாலர் எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். அது இன்னோ செட்டப் என்ற இலவச மென்பொருளால் செய்யப்பட்டது. ஜோர்டன் ரஸ்ஸல் என்பவர் 1997இல் வெளியிட்டது. இன்றும் ஏராளமான விண்டோஸ் மென்பொருள்கள் அதன் வழியாகத்தான் வருகின்றன. அது ஒரு கோப்பை நேரடியாக அதன் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை. 'ஐஎஸ்' என்று தொடங்கி 'டிஎம்பி' என்று முடியும் ஒரு தற்காலிகப் பெயரில் முதலில் எழுதும். முழுதாக எழுதி முடித்த பிறகுதான் உண்மையான பெயரை வைக்கும். இங்கேதான் ஆன்டிவைரஸ் குறுக்கே வருகிறது. புதிதாக ஒரு கோப்பு உருவானதுமே அதைப் பிடித்து ஸ்கேன் செய்கிறது. அது பிடித்திருக்கும் நேரத்தில் இன்ஸ்டாலர் பெயர் மாற்றப் பார்த்தால், அனுமதி இல்லை என்று பதில் வரும். ஸ்கேன் முடிந்து கோப்பை விட்டுவிட்டால் ரீட்ரை வேலை செய்யும். சந்தேகப்பட்டுத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் எத்தனை ரீட்ரை அழுத்தினாலும் நடக்காது. 31இல் நடந்ததும் 62இல் நடந்ததும் எனக்கு அப்போதுதான் தனித்தனியாகத் தெரிந்தன.

அப்படியானால் தூக்கிக்கொண்டு போனது யார்? விண்டோஸோடு வரும் விண்டோஸ் செக்யூரிட்டியில், தடுத்தவற்றைப் பட்டியலிடும் புரொடெக்ஷன் ஹிஸ்டரி என்ற பக்கத்தைத் திறந்தேன். அந்த டிஎல்எல் பற்றி ஒரு வரிகூட இல்லை.

டாஸ்க்பார் மூலையில் மறைந்திருக்கும் ஐகான்களைத் திறந்தபோது, லேப்டாப் வாங்கியபோதே கூட வந்த ஒரு ஆன்டிவைரஸ் அங்கே இருந்தது. சோதனைக்காலம் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. காலாவதி ஆனால் வேலை நிற்கும் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். திறந்தால் புதுப்பிக்கச் சொல்லும் பக்கம் மட்டும் வந்தது. அதைத் தாண்டி உள்ளே போக வழி இல்லை.

அது உண்மையில் ஓடுகிறதா என்று பார்க்க எனக்கு உதவிய கட்டளையை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பலருக்குத் தெரியாது. கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகியாகத் திறந்து எஃப், எல், டி, எம், சி என்ற ஐந்து எழுத்துகளைச் சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள். கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுவதையும் படிப்பதையும் கவனிக்கும் டிரைவர்களின் பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் நேராக ஆல்டிடியூட் என்று ஓர் எண் இருக்கும். 320000 முதல் 329999 வரை ஆன்டிவைரஸுக்கென்று மைக்ரோசாஃப்ட் ஒதுக்கிய எண்கள். எங்கள் லேப்டாப்பில் அந்த எல்லைக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டருடைய டபிள்யூடிஃபில்டர், எண் 328010. இன்னொன்று அந்தப் பழைய ஆன்டிவைரஸ். ஒரே வாசலில் இரண்டு காவலர்கள். அதில் ஒருவருக்கு ஒரு வருடமாகப் புதிய தகவல் எதுவும் போய்ச் சேரவில்லை.

இந்த இடத்தில் பலரும் சொல்லும் யோசனை, எல்லாப் பாதுகாப்பையும் அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய் என்பது. எனக்கு அதில் சம்மதம் இல்லை. எங்கள் தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணனின் கம்ப்யூட்டரில் போன வருடம் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்து, மூன்று கல்யாணங்களின் படங்கள் போய்விட்டன. அந்த வீட்டுக்காரர்களுக்கு அவர் பதில் சொன்னதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பையனின் விளையாட்டுக்காகக் கதவைத் திறந்து போட மனம் வரவில்லை.

அதனால் முதலில் அந்தக் கோப்பு நல்லதுதானா என்று பார்த்தேன். பக்கத்து வீட்டில் இன்ஸ்டால் ஆகியிருந்த விளையாட்டிலிருந்து அந்த டிஎல்எல்லை மட்டும் எடுத்து, ப்ராபர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர் பார்த்தேன். விளையாட்டை வெளியிட்டவர்களின் கையெழுத்து செல்லுபடியாக இருந்தது. பிறகு வைரஸ்டோட்டலில் ஏற்றினேன். பல நிறுவனங்களின் ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் ஒரு கோப்பைச் சோதிக்கும் தளம் அது. 650 எம்பி வரை ஏற்றலாம். இரண்டே இரண்டு மட்டும் சந்தேகம் காட்டின, அதுவும் ஜெனரிக் என்று பொதுப்பெயரில். குறிப்பிட்ட வைரஸ் எதையும் சொல்லாமல், சாயல் அப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்வதற்கான பெயர் அது. நகல் எடுப்பதைத் தடுக்க விளையாட்டுக் கோப்புகளைச் சுருக்கிப் பூட்டி வைப்பார்கள்; வைரஸ் எழுதுபவர்களும் ஒளிந்துகொள்ள அதையேதான் செய்வார்கள். சாயல் அங்கிருந்துதான் வருகிறது. காசு கொடுத்து வாங்கிய இடம், கையெழுத்து, இந்த முடிவு மூன்றையும் சேர்த்துப் பார்த்து எனக்கு நம்பிக்கை வந்தது. திருட்டுப் பிரதியாக இருந்தால் இதே முடிவை நான் நம்பியிருக்க மாட்டேன்.

பழைய ஆன்டிவைரஸை செட்டிங்ஸ் வழியாக நீக்கி ரீஸ்டார்ட் செய்தேன். மறுபடியும் அந்த ஐந்தெழுத்துக் கட்டளையை அடித்தால், டிரைவர் அப்படியே இருக்கிறது! மேலே இருந்த மென்பொருள் மட்டும் போயிருந்தது. இதற்கென்று ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் தனியாக ஒரு நீக்கும் கருவி வைத்திருக்கின்றன; அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். அவசியமானவற்றை மட்டும் ஏற்றி விண்டோஸ் திறக்கும் சேஃப் மோடில் அதை ஓட்டச் சொல்லியிருந்தார்கள். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் அதற்கான பக்கம் வரும். அதற்கு முன் ஒன்று செய்துகொள்ளுங்கள்: லேப்டாப்பில் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் அதன் 48 இலக்க ரெக்கவரி எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த எண்ணைக் கேட்டது. நல்லவேளை, மொபைலில் இருந்தது.

அதன்பின் பட்டியலில் டபிள்யூடிஃபில்டர் மட்டும் நின்றது. விளையாட்டை முழுதாக நீக்கிவிட்டு மறுபடியும் போட்டோம். 31, 62, 80... பையன் எண்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தான். 100 வந்தது. டிஃபெண்டர் ஒன்றும் சொல்லவில்லை, ஸ்கேனிலிருந்து விதிவிலக்கு எதுவும் கொடுக்கத் தேவைப்படவில்லை. உங்களுக்குத் தேவைப்பட்டால் விளையாட்டின் ஃபோல்டருக்கு மட்டும் கொடுங்கள். டெம்ப், டவுன்லோட்ஸ் இரண்டுக்கும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கெட்டது வந்து இறங்கும் இடமே அவைதான்.

ஒரு மணி நேரம் விளையாடினான். வெளியே போகுமுன் சேவ் செய்தால், டிஸ்கில் இடம் இல்லை என்று விளையாட்டு சொன்னது. அவன் முகம் வாடிவிட்டது. ஆனால் இந்த முறை எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஸ்டுடியோ சம்பவத்துக்குப் பிறகு கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸை நான்தான் போட்டு வைத்திருந்தேன். 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து இருக்கும் வசதி. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற இடங்களில் அறிமுகமில்லாத மென்பொருள் எழுதுவதைத் தடுக்கும். அந்த விளையாட்டு சேவ் கோப்பை டாக்குமென்ட்ஸில்தான் வைக்கிறது; அங்கே எழுத முடியாததைத்தான் இடம் இல்லை என்று சொல்லியிருக்கிறது. வசதியை அணைக்காமல், அண்மையில் தடுக்கப்பட்டவை என்ற பட்டியலைத் திறந்து, விளையாட்டின் எக்ஸி கோப்பை மட்டும் அனுமதித்தேன்.

"இப்ப சேவ் பண்ணுடா."

சேவ் கொடுத்தான். பக்கத்திலேயே டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து காட்டினேன். அவன் ஊருக்கு ஆச்சியின் பெயரை வைத்திருந்தான். அந்தப் பெயரில் ஒரு சின்னக் கோப்பு வந்து நின்றது. நம்பிக்கை வராமல் இன்னும் மூன்று தடவை சேவ் செய்துவிட்டுத்தான் சாப்பிட எழுந்தான்.