அஞ்சல் பெட்டியில் ஒன்பது பெயர்கள்

காலியான வீட்டை அடுத்தவருக்குக் கொடுப்பதற்கு முன், அதன் அஞ்சல் பெட்டியில் ஒட்டியிருக்கும் பழைய பெயர்ச் சீட்டுகளை எடுத்துவிடுவது என் வழக்கம். ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் போட்டு ஊறவிட்டு, மழுங்கிய கத்தியால் ஓரத்தைத் தூக்கினால் ஒன்றன்பின் ஒன்றாக உரிந்து வரும். சென்ற ஆண்டு ஒரு பெட்டியில் அப்படி ஒன்பது பெயர்களை உரித்தேன். எல்லாம் நான்கு ஆண்டுகளுக்குள் வந்துபோன மாணவர்களின் பெயர்கள். சீட்டுகளுக்கு அடியில், தகரத்தின் மேலேயே பெயிண்டால் எழுதிய ஒரு குடும்பப் பெயர் இருந்தது. அந்தக் குடும்பம் அங்கே 26 ஆண்டுகள் குடியிருந்தது. அவர்கள் போன பிறகு அந்த வீட்டை மாணவர்களுக்கு விடலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான்.

சின்னக் கல்லூரி ஊர் ஒன்றில் வீடுகளை வாடகைக்கு விடுவதும் விற்றுக்கொடுப்பதும் என் தொழில். 17 ஆண்டுகள் ஆகின்றன. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே என் மேலாளர் ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார்: "வீட்டைப் பார்க்காதே, அறையை எண்ணு." இந்தத் தொழிலின் அடிப்படைக் கணக்கே அதுதான். ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம் மாதம் 100 கொடுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். அதே வீட்டில் நான்கு மாணவர்கள் ஆளுக்கு 35 கொடுத்தால் 140 ஆகிறது. குடும்பத்தின் வாடகை ஒருவருடைய, மிஞ்சிப்போனால் இருவருடைய சம்பளத்திலிருந்து வருகிறது. மாணவர்களின் வாடகைக்குப் பின்னால் நான்கு வீட்டுப் பெற்றோர் நிற்கிறார்கள். போட்டி தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது.

வாடகையோடு இது நின்றுவிடுவதில்லை. அடுத்த வீடு விலைக்கு வரும்போது, குடியிருக்க வாங்குபவர் தன் சம்பளத்தை வைத்து விலை கேட்கிறார். வாடகைக்கு விட வாங்குபவர் 140-ஐ வைத்து விலை கேட்கிறார். இரண்டாமவருக்குத்தான் வீடு போகும். நான்கைந்து வீடுகள் இப்படிக் கைமாறிய பிறகு, மீதமிருக்கும் குடும்பங்கள் இரவுச் சத்தத்துக்காகவும் குப்பைத் தொட்டிக்காகவும் மனம் வெறுத்துப் போகின்றன, விற்றுவிட்டுக் கிளம்புகின்றன. அந்த வீட்டையும் யார் வாங்குவார் என்று சொல்லத் தேவையில்லை. கல்லூரி ஊர்த் தெருக்கள் மாறுவது இப்படித்தான். தனியாக யாரும் தப்புச் செய்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு கைமாற்றத்திலும் என்னைப் போன்ற ஒருவர் நடுவில் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த இழுபறி புதியதல்ல. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், பல்கலைக்கழகம் உருவாகி இருபது சொச்சம் ஆண்டுகளே ஆகியிருந்த 1231-இல், ஊர்க்காரர்கள் மாணவர்களிடம் அதிக வாடகை வாங்குகிறார்கள் என்று அரசர் மூன்றாம் ஹென்றிக்குப் புகார் போனது. ஆசிரியர்கள் இருவரும் ஊர்ப் பெரியவர்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து வாடகையை நிர்ணயிக்க வேண்டும் என்று அரசர் ஆணையிட்டார். முதன்முறை இதைப் படித்தபோது வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். கிட்டத்தட்ட 800 ஆண்டுகளுக்கு முன்பே, வாடகை என்பது வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் மட்டும் பேசித் தீர்க்கும் விஷயமல்ல, ஊரும் கல்லூரியும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய விஷயம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. என் பணிக்காலத்தில் அப்படியொரு மேசையை நான் பார்த்ததில்லை.

பெட்டியில் ஒன்பது பெயர் இருந்த வீட்டின் தெருவில் 14 வீடுகள். நான் சேர்ந்த காலத்தில் அவற்றில் ஒன்றில்தான் மாணவர்கள் இருந்தார்கள். ஆறே ஆண்டுகளில் அது ஒன்பதானது. அந்த ஒன்பதில் ஏழு வீடுகளின் ஒப்பந்தம் என் கையெழுத்தோடு போனது. அன்று அதை வெற்றியாகவே நினைத்தேன், அலுவலகத்திலும் பாராட்டினார்கள். தெருவின் நடுவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் குடியிருந்தார். எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். வீடு காட்ட நான் ஆட்களை அழைத்துப் போகும்போதெல்லாம் வாசலில் நின்று பார்ப்பார். ஒருநாள் கேட்டார்: "தம்பி, இந்தத் தடவை யாரைக் கொண்டுவருகிறீர்கள்?" நல்ல பிள்ளைகள்தான் என்றேன். "போன வருடமும் நல்ல பிள்ளைகள்தான். பெயர் மனப்பாடம் ஆவதற்குள் போய்விட்டார்கள்" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. கையில் இருந்த சாவிகளைப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

அந்தக் கேள்வி புரிவதற்கு ஒரு விபத்து தேவைப்பட்டது. நீண்ட விடுமுறை. மாணவர் வீடுகள் பூட்டிக் கிடந்தன. டீச்சர் வீட்டை ஒட்டிய வீட்டில், சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருந்த இணைப்புக் குழாய் விட்டுப்போய்த் தண்ணீர் கொட்டத் தொடங்கியிருக்கிறது. எப்போது என்று இன்றுவரை தெரியாது. மூன்று நாட்களாவது ஓடியிருக்க வேண்டும் என்று மீட்டரைப் பார்த்த பிளம்பர் சொன்னார். தெருக்கோடியில் ஓர் அறையில் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் இருந்தார். விடுமுறையிலும் ஊருக்குப் போகாதவர். இரவு இரண்டு மணிக்கு ஆய்வகத்திலிருந்து திரும்பியவர், தெரு அவ்வளவு நிசப்தமாக இருந்ததால் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டு எனக்குப் போன் செய்தார். நான் போய்க் கதவைத் திறந்தபோது தரைப்பலகைகள் உப்பி எழுந்திருந்தன. மெத்தையொன்று மிதந்து வாசல்படியில் சொருகிக் கிடந்தது. பிரதான வால்வு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ முறை அந்த வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன், வால்வு எங்கே என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. டீச்சர் டார்ச் விளக்கோடு வந்து, பின்பக்கச் சுவரோரம் இருந்த மூடியைக் காட்டினார். அங்கே முன்பு இருந்த குடும்பத்துக்கும் அவருக்கும் பழக்கம். இரண்டு வீட்டு வால்வும் இரண்டு வீட்டாருக்கும் தெரியும். அவருடைய படுக்கையறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் அந்தச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு மாவாக உதிர்ந்தது.

அந்த இரவுக்குப் பிறகு என் வேலையை வேறுவிதமாகச் செய்யத் தொடங்கினேன். வீட்டுக்காரர்களிடம் கணக்கை முழுவதுமாகப் போட்டுக் காட்டினேன். மாணவர்கள் தரும் 140, கல்வியாண்டின் பத்து மாதத்துக்கு 1400. குடும்பம் தரும் 100, பன்னிரண்டு மாதத்துக்கு 1200. வித்தியாசம் 200. ஆண்டுதோறும் பெயிண்ட், பூட்டு மாற்றுவது, கட்டில் மேசை பழுது, புதிய ஆள் தேடும் தரகு, நடு ஆண்டில் ஒருவர் படிப்பை விட்டுப் போனால் காலியாகக் கிடக்கும் அறை என்று எல்லாவற்றையும் அந்த 200-இல் கழித்துக் காட்டினேன். நான் பார்த்துக்கொண்ட பல வீடுகளில் பாதிக்கு மேல் கரைந்திருந்தது. சில வீட்டுக்காரர்கள் அப்போதும் மாணவர்களையே கேட்டார்கள். அது அவர்கள் உரிமை. மூன்று பேர் மனம் மாறினார்கள்.

மாணவர்கள் பக்கமும் நான் கவனிக்காமல் விட்டது நிறைய. அடுத்த கல்வியாண்டுக்கான வீட்டை இந்த ஆண்டு பாதியிலேயே பிடித்துவிட வேண்டும் என்ற பதற்றம் இங்கே ஒவ்வோர் ஆண்டும் பரவும். அதைப் பரப்புவதில் என் தொழிலுக்குப் பெரும்பங்கு உண்டு. பழகிச் சில வாரமே ஆன நான்கு பேர் ஒரே ஒப்பந்தத்தில் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறார்கள். அது கூட்டுப் பொறுப்பு ஒப்பந்தம். ஒருவர் விலகினால் மற்ற மூவரும் அவர் பங்கையும் கட்ட வேண்டும். பத்தொன்பது வயதில் எத்தனை பேருக்கு அது விளங்கும்? இப்போது அந்தப் பிரிவை நானே உரக்கப் படித்துக் காட்டுகிறேன். யோசித்துவிட்டு நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறேன். குடிவரும் நாளில் அவர்களோடு அறை அறையாகப் போய், சுவரில் இருக்கும் கீறல்வரை எழுதி, தேதியோடு படம் எடுத்து, இருதரப்பும் கையெழுத்திடுகிறோம். முன்பணத் தகராறு பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடுகிறது. பிறகு இருபக்கத்து வீடுகளுக்கும் அழைத்துப் போய்ப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துகிறேன். அதற்கு ஆகும் நேரம் பத்து நிமிடம். அத்தனை ஆண்டுகள் அதை ஏன் செய்யவில்லை என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஊர்க்கூட்டம் ஒன்றில், உறவுமுறை இல்லாதவர்கள் ஒரே வீட்டில் சேர்ந்து குடியிருக்கத் தடை வேண்டும் என்று சிலர் பேசினார்கள். அமெரிக்காவில் அப்படியொரு விதியை உச்ச நீதிமன்றமே 1974-இல் ஏற்றிருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் பெல் டெர் என்ற சிற்றூர். உறவில்லாத இருவருக்கு மேல் ஒரு வீட்டில் குடியிருக்கக் கூடாது என்பது அப்போது அங்கே விதியாக இருந்தது. பக்கத்துப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆறு பேர் ஒரு வீட்டை எடுத்ததில் வழக்கு வந்தது. ஏழு நீதிபதிகள் ஊரின் பக்கம் நின்றார்கள், இருவர் மறுத்தார்கள். அந்தத் தீர்ப்பு எனக்கு உறுத்துகிறது. குழாய் உடைந்த இரவில் எங்கள் தெருவைக் காப்பாற்றியவர் யாருக்கும் உறவில்லாத ஒரு வாடகை அறைக்காரர். இங்கிலாந்தில் 2010-இல் வந்த ஏற்பாடு எனக்கு இதைவிட நியாயமாகப் படுகிறது. உறவில்லாத மூன்று முதல் ஆறு பேர்வரை பகிர்ந்து வாழும் வீட்டைத் தனி வகையாக்கினார்கள். நெருக்கடி உள்ள பகுதிகளில் குடும்ப வீட்டை அந்த வகைக்கு மாற்ற அனுமதி பெற வேண்டும் என்று உள்ளாட்சி சொல்லலாம். ஆளின் உறவை விசாரிக்காமல் தெருவில் இருக்கும் வீடுகளை எண்ணிப் பார்க்க அது இடம் தருகிறது. கூட்டத்தில் இதைத்தான் சொன்னேன். வீட்டுக்காரர்களில் இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

அந்த ஆராய்ச்சி மாணவர் படிப்பை முடித்துக் கல்லூரியிலேயே வேலையில் சேர்ந்தார். திருமணம் ஆயிற்று. சென்ற ஆண்டு அலுவலகத்துக்கு வந்து, அதே தெருவில் ஒரு வீடு வேண்டும், வருடக் கணக்கில் இருப்போம் என்றார். மனம் மாறிய மூன்று வீட்டுக்காரர்களில் ஒருவரின் வீடு அப்போதுதான் காலியாகியிருந்தது. அதன் அஞ்சல் பெட்டியைத்தான் அன்று சுரண்டிக்கொண்டிருந்தேன்.

சாவி கொடுக்கும்போது வால்வு இருக்கும் இடத்தைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "இன்னொரு சாவி யாரிடம் இருக்கும்?" என்று கேட்டார். இருவரையும் டீச்சர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். டீச்சர் அந்தப் பெண்ணின் பெயரை இரண்டு முறை கேட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு ஆணியில் தொங்கிய வளையத்தை எடுத்து, சாவியை அதில் கோத்தார். அதில் ஏற்கெனவே ஐந்து வீட்டுச் சாவிகள் இருந்தன.