யும்பேயில் போர்வெல் போட்ட காலம்

திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு ஆப்பிரிக்கா ஒன்றும் தூரத்து ஊர் இல்லை. எங்கள் பக்கம் எந்த ஊரில் விசாரித்தாலும் கென்யாவிலோ தான்சானியாவிலோ போர்வெல் போடும் ரிக் வண்டியோடு இருந்துவிட்டு வந்தவர் ஒருவராவது அகப்படுவார். மழை குறைந்த மேட்டு நிலம் எங்கள் ஆட்களைப் பாறை துளைக்க வைத்தது. முதலில் ஆந்திரா, கர்நாடகா, அப்புறம் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று ஓடிய வண்டிகள் ஒரு கட்டத்தில் கப்பலேறி மொம்பாசாவில் இறங்கின. அப்படி இறங்கிய ஒரு வண்டிக்கு மேற்பார்வையாளராகத்தான் நான் 2017 தொடக்கத்தில் உகாண்டாவுக்குப் போனேன்.

வேலை, நாட்டின் வடமேற்கு மூலையில் யும்பே மாவட்டத்தில். கம்பாலாவிலிருந்து வடக்கே கருமா, பக்வாச் பாலத்தில் நைல் நதியைக் கடந்து அருவா, அதற்கும் அப்பால் செம்மண் சாலை. மேற்கு நைல் என்று சொல்லப்படும் அந்தப் பகுதிக்கு வடக்கே தெற்கு சூடான், மேற்கே காங்கோ. 2016 ஜூலையில் தெற்கு சூடானின் தலைநகர் ஜுபாவில் மறுபடியும் சண்டை மூண்டது. யேய், காஜோ கேஜி பக்கமெல்லாம் அது பரவியது. ஜனங்கள் ஒராபா போன்ற எல்லைச் சாவடிகள் வழியாகவும் காட்டுப் பாதைகளிலும் உகாண்டாவுக்குள் வந்தார்கள். யும்பேயில் ஆகஸ்டில் திறந்த பிடிபிடி அகதிக் குடியிருப்பில் அந்த வருஷம் முடிவதற்குள் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். அதற்கு முன்பு அது சில கிராமங்களும் புதரும் மட்டுமே இருந்த இடம். இரண்டரை லட்சம் பேர் குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றால் எங்கே போவது? லாரித் தண்ணீர்தான். நைல் பக்கமிருந்தும், தண்ணீர் நன்றாக ஊறிய சில போர்வெல்களிலிருந்தும் டேங்கர்கள் ஓடின. மழை பெய்தால் சாலை சேறாகி வண்டி நின்றுவிடும். அன்றைக்குத் தண்ணீர் வராது.

எங்களை அழைத்தது இதற்காகத்தான். லாரியை நிறுத்த வேண்டும் என்றால் போர் போட வேண்டும்.

அங்கேயும் எங்கள் ஊர் போலவே மிகப் பழைய கடினப் பாறை. முதல் நாள் வெளியே வந்த பாறைத் தூளைக் கையில் எடுத்துப் பார்த்த எங்கள் ஆபரேட்டர், "அண்ணே, நம்மூர் மாதிரியேதான் இருக்குது" என்றார். மற்றபடி வேலை வேறு மாதிரி. நம் பக்கம் மேல்மண் சரியாமல் இருக்கக் கொஞ்சம் கேசிங் குழாய் இறக்கிவிட்டு, பாறையில் ஆயிரம் அடி வரைக்கும் போய்ப் பார்ப்போம். அங்கே 60, 80 மீட்டரில் முடிவு தெரிந்துவிடும். மக்கிய பாறைக்கும் கெட்டிப் பாறைக்கும் நடுவிலே இருக்கும் ஊற்றைப் பிடிக்க வேண்டும். துளையிட்ட கேசிங்கை அந்த மட்டத்தில் சரியாக வைத்து, சுற்றிலும் கூழாங்கல் போட்டு, மேலே சிமெண்ட் அடைத்து, பம்பு வைத்து மணிக்கணக்கில் இறைத்துப் பார்த்து, தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகுதான் அது போர் என்று கணக்கில் வரும். "ரெண்டு இஞ்ச் தண்ணி" என்று கண்ணளவில் சொல்லிப் பழகிய எங்கள் ஆட்கள் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று எழுதக் கற்றுக்கொண்டார்கள். மணிக்கு அரை கன மீட்டர், ஒரு கன மீட்டர் வந்தால் அடிபம்பு வைக்கலாம். ஐந்து, ஆறு வந்தால் சோலார் மோட்டார் வைத்துத் தொட்டியில் ஏற்றிக் குழாயில் விடலாம். அப்படிப்பட்ட போர் கிடைத்த நாளில் வண்டியைச் சுற்றி நின்ற கூட்டம் போட்ட சத்தம் கம்ப்ரசர் சத்தத்தையும் தாண்டியது.

அடிபம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உகாண்டாவில் யூ2 என்று சொல்வது, நம் இந்தியா மார்க் 2 பம்பின் அந்த நாட்டு வடிவம். மார்க் 2, யூனிசெஃப் துணையோடு 1970களில் இந்தியாவில் உருவானது. கோயம்புத்தூர்ப் பக்கம் வைத்துச் சோதித்துப் பார்த்த பம்பு. நம் ஊர்த் தெருமுனைகளில் மூன்று தலைமுறைப் பெண்கள் அடித்த அதே கைப்பிடியை பிடிபிடியில் காஜோ கேஜிப் பெண்கள் அடிக்கிறார்கள். அதைப் பொருத்தும்போதெல்லாம் எங்கள் ஆட்களுக்கு ஒரு தனி உற்சாகம். செயின் எப்படிப் போகும், வாஷர் எப்போது தேயும் என்றெல்லாம் பையன்களைக் கூப்பிட்டு வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். யாரும் அவர்களைச் சொல்லச் சொல்லவில்லை.

அந்த நிலம் யாருடையது என்ற கேள்வி எனக்குப் போன சில வாரங்களிலேயே வந்தது. அரசாங்க நிலம் என்றுதான் நினைத்திருந்தேன். மேற்கு நைலில் பெரும்பாலான நிலம் குலங்களுக்குச் சொந்தம். பெரியவர்கள் கூடிப் பேசி, வாடகை வாங்காமல் விட்டுக்கொடுத்த நிலத்தில்தான் குடியிருப்பு நிற்கிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 30 மீட்டருக்கு 30 மீட்டர் மனை. வீடு கட்டிக்கொண்டு மிச்சத்தில் காய்கறி போடலாம். சுற்றிலும் வேலி கிடையாது. உகாண்டாவின் 2006ஆம் வருஷச் சட்டப்படி அகதிகள் வேலை பார்க்கலாம், கடை வைக்கலாம், நாட்டுக்குள் போய் வரலாம். அவர்கள் குழந்தைகளும் உள்ளூர்க் குழந்தைகளும் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். போடுகிற போர்களிலும் ஒரு பங்கு உள்ளூர்க் கிராமங்களுக்குப் போக வேண்டும் என்பது விதி, பத்துக்கு மூன்று என்ற கணக்கில்.

ஏன் கொடுத்தார்கள் என்று எனக்கு விளங்கவைத்தவர் ஒரு பெரியவர். எல்லோரும் ம்ஸே என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அவர்கள் கிராமத்தில் போர் போடும்போது மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். நான் இந்தியன் என்பதால் இடி அமீன் பேச்சு தானாக வந்தது. 1972இல் 90 நாள் கெடு வைத்து ஆசியர்களை வெளியேற்றினாரே, அந்த அமீன் மேற்கு நைல்காரர். 1979இல் அவர் ஆட்சி விழுந்த பிறகு, அந்தப் பகுதி ஜனங்கள் மேல் பழி விழுந்தது. புதிய ராணுவம் உள்ளே வந்ததும் ஊர் ஊராக எல்லையைத் தாண்டி, தெற்கும் சேர்ந்திருந்த அன்றைய சூடானுக்கும் அப்போது ஜயர் என்று பெயர் இருந்த காங்கோவுக்கும் ஓடினார்கள். ம்ஸே குடும்பம் யேய் பக்கம் போய்ப் பல வருஷம் இருந்தது. அங்கே நிலம் கொடுத்தார்கள், விதை மரவள்ளி கொடுத்தார்கள் என்றார். அவருடைய மூத்த மகள் பிறந்ததும் அங்கேதான். எண்பதுகளில் சூடானில் சண்டை பரவியதும் திரும்பி வந்தார்கள். "எங்களுக்கு இடம் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் வந்து நிற்கும்போது நான் எதைச் சொல்லி மறுப்பேன்?" என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்ன எங்கள் டிரைவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவர் அம்மாவும் சூடான் முகாமில் வளர்ந்தவர்.

அதற்கும் முன்னால், அறுபதுகளில், சூடானிலிருந்து இந்தப் பக்கம் ஓடி வந்திருக்கிறார்கள். 1972இல் அடிஸ் அபாபா ஒப்பந்தம் வந்த பிறகு திரும்பிப் போயிருக்கிறார்கள். அந்த எல்லைக்கோடு வெள்ளைக்காரர்கள் போட்டது. காக்வா, மாடி, லுக்பாரா ஜனங்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள், கல்யாணம் கட்டிக்கொள்கிறார்கள்.

ஊரிலிருந்து போன் பண்ணும்போது மாமா கேட்பார்: "அங்க எல்லாருமே ஐரோப்பாவுக்குப் போகத்தான் துடிக்கிறாங்களாமே, டிவியில படகு படகா காட்டுறானே?" அந்தப் படகுகளில் சாகிறவர்கள் நிஜம். ஆனால் ஆப்பிரிக்க இடப்பெயர்ச்சி என்றால் அந்தப் படகு மட்டும்தான் என்று உலகத்தை நம்பவைத்திருப்பது பெரிய அநியாயம். 2020 கணக்குப்படி, பிறந்த நாட்டை விட்டு வேறொரு ஆப்பிரிக்க நாட்டில் இருக்கிற ஆப்பிரிக்கர்கள் சுமார் 2 கோடியே 10 லட்சம் பேர். ஐரோப்பாவில் இருக்கிறவர்கள் சுமார் 1 கோடியே 10 லட்சம். உகாண்டாவில் மட்டும் இப்போது 15 லட்சத்துக்கும் மேல் அகதிகள். ஆப்பிரிக்காவில் வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை. தென்மேற்கே நகிவாலே குடியிருப்பு ருவாண்டாவிலிருந்து வந்தவர்களுக்காக 1950களின் கடைசியில் தொடங்கியது, இன்றும் ஆள் வந்துகொண்டிருக்கிறது. நான் பார்த்தவரை ஜனங்கள் தேடிப் போவது பக்கத்து நாட்டை. நடந்து போகிற தூரத்தை. நிலைமை சரியானால் திரும்பிப் போய் வீட்டைப் பார்க்க முடிகிற தூரத்தை.

பிடிபிடிக்கு வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்களும் குழந்தைகளும்தான். நாங்கள் போட்ட ஒரு போருக்குத் தண்ணீர்க் கமிட்டிப் பொருளாளராக இருந்த அம்மா காஜோ கேஜியில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். கணவர் நிலத்தைப் பார்த்துக்கொள்ள அங்கேயே தங்கிவிட்டார். 2018 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு, பள்ளி விடுமுறையில் மூத்த பையனை மட்டும் கூட்டிக்கொண்டு எல்லை தாண்டிப் போவார். மாமரம் எப்படி இருக்கிறது, வீட்டுக் கூரை நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, கொஞ்சம் எள் விதைத்துவிட்டு வருவார். இதைக் கேட்டு ஒரு அலுவலகத்து அதிகாரி, "போய் வர முடிகிறது என்றால் இவர்கள் அகதிகளே இல்லை" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பயந்து ஓடி வந்தவளுக்குத் தன் மரத்தைப் பார்க்கிற ஆசை இருக்கக் கூடாதா? எங்கள் ஆட்கள் வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போய்க் கிணற்றையும் காட்டையும் பார்த்துவிட்டு வருகிறார்களே, அவர்களை யார் கேட்கிறார்கள்?

எல்லாம் நல்லபடியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். விறகுக்கு மரம் வெட்டுவதில் உள்ளூர்க்காரர்களுக்கும் வந்தவர்களுக்கும் தகராறு தீரவே இல்லை. கூரைப் புல்லுக்கும் அதே தகராறு. 2020 செப்டம்பரில் அருவாவுக்குப் பக்கத்து ரைனோ கேம்ப் குடியிருப்பில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் தொடங்கிய சண்டை கொலைகளில் முடிந்தது. அதைக் கேட்ட இரவு எங்கள் ஆட்கள் ஒருவரும் சரியாகத் தூங்கவில்லை. ஒரு போர் எங்கே விழுகிறது என்பதில் உயிர் இருக்கிறது.

அதனால்தான் ஒப்பந்த விஷயத்தை விடாமல் பேசுகிறேன். நாங்கள் செய்த வேலைகளில் பல, தண்ணீர் வந்தால்தான் காசு என்ற ஒப்பந்தம். வறண்ட போரின் செலவு முழுக்க ரிக்காரன் தலையில். கேட்க நியாயமாகத் தெரியும். நடப்பது வேறு. டீசலுக்கும் கேசிங்குக்கும் கைக்காசைப் போட்டவன், தண்ணீர் நிச்சயமாகக் கிடைக்கும் பள்ளத்தைத்தான் தேடுவான். மேட்டில் குடிவைக்கப்பட்ட ஜனங்கள் மஞ்சள் கேனைத் தூக்கிக்கொண்டு பள்ளத்துக்கு நடப்பார்கள். மழைக்காலத்தில் கொஞ்சமாக ஊறுகிற போரையும் வெற்றி என்று எழுதிக் கொடுக்கிற ஆட்கள் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் அந்தப் பம்பு வெறும் காற்றை இறைக்கும், வரிசை அடுத்த பம்புக்குப் போகும், அங்கே சண்டை வரும். மீட்டர் கணக்கில் கூலி கொடுத்து, வறண்ட போருக்கும் ஒரு பகுதி பணம் ஒதுக்கி, கூடவே நிலத்தடி நீர் தெரிந்த ஆள் ஒருவரை வைத்து மேற்பார்த்தால் இது குறையும். அப்படி நடந்த வேலைகளிலும் நான் இருந்திருக்கிறேன். மேட்டில் இரண்டு போர் பொய்த்து மூன்றாவதில் தண்ணீர் கண்டது அப்படிப்பட்ட வேலையில்தான்.

இப்போது பணம் சுருங்கிவிட்டது. 2020லேயே உணவு உதவியைக் குறைக்கத் தொடங்கினார்கள். 2025 மே மாதம், உகாண்டாவில் 10 லட்சம் பேருக்கு உதவியை நிறுத்திவிட்டதாக உலக உணவுத் திட்டம் அறிவித்தது. மனையில் வீடு போக மிஞ்சிய காய்கறி நிலத்தை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று எழுதுகிறவர்கள் அந்த மண்ணை வந்து பார்க்க வேண்டும். அரை அடிக்குக் கீழே சரளைக்கல் இருக்கிற மனைகள் எத்தனையோ. நிலம் கொடுத்த கிராமங்களுக்கும் சாலை, ஆஸ்பத்திரி, தண்ணீர் என்று வாக்குக் கொடுத்துத்தான் வாங்கினார்கள். அந்த வாக்கு பாதியில் நிற்கிறது. ம்ஸே கிராமத்துப் பெண்களில் சிலர் வீட்டு வேலைக்கு சவூதி போய்விட்டார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில் தகரக் கூரை ஏறுகிறது. சொந்தப் பிள்ளைகளைப் பிழைக்க வெளிநாடு அனுப்புகிற கிராமம்தான் வெளிநாட்டிலிருந்து ஓடி வந்தவர்களுக்கு நிலம் கொடுத்திருக்கிறது. அந்த நல்ல மனசைக் காட்டியே பணக்கார நாடுகள் தங்கள் பங்கைக் குறைத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

2023 ஏப்ரலில் சூடான் தலைநகர் கார்ட்டூமில் சண்டை தொடங்கிய பிறகு சூடானியர்கள் உகாண்டாவின் கிரியாண்டோங்கோ குடியிருப்புக்கு வரத் தொடங்கினார்கள். டாக்டர்கள், கடை முதலாளிகள், கல்லூரி மாணவர்கள், மாடி வீட்டில் குழாய்த் தண்ணீரில் வாழ்ந்தவர்கள். ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, இருக்கிற பம்புகளில் அதிகாலையிலேயே வரிசை நிற்பதைப் பார்த்தேன். இன்னும் எத்தனை போர் தேவைப்படும், எந்த மேட்டில் பாறை எப்படி இருக்கும் என்று எங்கள் ஆபரேட்டர் அன்றைக்கே பேசத் தொடங்கிவிட்டார். வண்டி அருவாவில் தயாராக நிற்கிறது. வேலைக்கு ஒப்பந்தம் போட யாரிடமும் பணம் இல்லை என்கிறார்கள்.