நல்லூரில் அரண்மனை தேடி

ஆகஸ்ட் 8, வெள்ளி

ரொறன்ரோவிலிருந்து வந்த அக்காவும் மகளும் கண்டியைப் பார்த்துவிட்டு நேற்றிரவுதான் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்கள். மருமகளுக்குப் பன்னிரண்டு வயது. நல்லாகத் தமிழ் கதைக்கிறாள், கேள்வியும் நல்லாகக் கேட்கிறாள். கண்டி அரண்மனை இப்போது தொல்பொருள் அருங்காட்சியகம். அதைப் பார்த்த சூட்டோடு, "மாமா, இங்கையும் ராசா இருந்தவர்தானே? அரண்மனை பார்க்க எப்ப போவம்?" என்றாள். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். யாழ்ப்பாண ராசாக்களின் தலைநகர் நல்லூர், அங்கே ஞாயிறு காலை போவம் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

திருவிழாவுக்காக நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைச் சுற்றிய வீதிகளை மறித்திருந்தார்கள். மோட்டார் சைக்கிளைத் தெரிந்தவர் வீட்டு வளவில் விட்டுவிட்டு நடந்தோம். முத்திரைச் சந்தியில் யாழ்ப்பாண ராசா சங்கிலியன் சிலை. குதிரையின் மேல், வாளோடு. 1974இல் வைத்ததை எடுத்துவிட்டு 2011இல் புதிதாக வைத்த சிலை இது. மருமகள் குதிரையை மட்டும் படம் எடுத்தாள்.

அங்கிருந்து பருத்தித்துறை வீதியால் கொஞ்சத் தூரம் போனால் சங்கிலித்தோப்பு வளைவு. ஊரில் எல்லாரும் அரண்மனை வாசல் என்று சொல்வது இதைத்தான். வாசல் மட்டும் நிற்கிறது. அவள் அதற்குள்ளால் போய், அந்தப் பக்கம் பார்த்து, திரும்பி வந்து, "மிச்சம் எங்கை?" என்றாள்.

சரி, சொல்லித்தான் ஆகவேண்டும். 1619இல் பிலிப் டி ஒலிவேராவின் போர்த்துக்கேயப் படை வந்தது. கடைசி ராசா இரண்டாம் சங்கிலி பிடிபட்டான். கோவாவுக்குக் கொண்டுபோய் 1623இல் தூக்கிலிட்டார்கள். ஒலிவேரா கொஞ்ச நாள் நல்லூரிலேயே இருந்தான், 1621இல் கந்தசுவாமி கோயிலை இடித்தான். பிறகு ஆட்சி கடற்கரைப் பக்கம், இன்றைய நகரத்துக்குப் போய்விட்டது. நல்லூர்க் கற்கள் கோட்டை கட்டப் போயின என்பது ஊர்ப் பேச்சு. கண்டிக்கு நடந்தது வேறு. 1815இல் அங்கே ராசாவின் பிரதானிகளே வெள்ளைக்காரனோடு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்கள். ராசாவை வேலூருக்கு அனுப்பிவிட்டு வெள்ளைக்காரன் தன் அதிகாரியை அரண்மனையில் குடிவைத்தான். ஆள் குடியிருந்ததால் கூரை தப்பியது. நல்லூரிலோ, வந்தவன் தலைநகரையே கைவிட்டுப் போனான்.

அடுத்து நான் சொன்னது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. இந்த வளைவின் வேலைப்பாட்டில் ஐரோப்பியச் சாயல் இருக்கிறது, போர்த்துக்கேயருக்குப் பிறகு வந்த ஒல்லாந்தர் காலத்தில் எழுந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியென்றால் சங்கிலி இந்த வாசலைக் கண்டதே இல்லை. "பிள்ளைக்கு ஏன் உதுகளைச் சொல்லுறாய்?" என்றார் அக்கா. எனக்கென்னவோ, பன்னிரண்டு வயதில் தெரிந்துகொண்டால்தான் நல்லது. நாற்பதில் வேறு யாராவது சொல்லிக் கேட்டால் கோபம்தான் வரும்.

மந்திரிமனைக்கும் இதே கதைதான். ராசாவின் மந்திரி இருந்த இடம் என்பார்கள். நிற்கிற கட்டடம் ஒல்லாந்தர் காலத்துப் பாணி. மர வேலைப்பாடு இன்னும் கண்ணைப் பிடிக்கிறது. சுவரில் காதலர் பெயர்கள், தேதியோடு. மருமகள் அவற்றையும் வரலாறாக நினைத்து வாசித்துக்கொண்டிருந்தாள், நான் தடுக்கவில்லை.

வெயில் ஏறிவிட்டது. தண்ணீர்ப் பந்தலில் மோர் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பின்னேரம் யமுனா ஏரிக்குப் போனோம், சென் ஜேம்ஸ் தேவாலயத்தின் பின்பக்கம். ஏரி என்று பெயர், பார்த்தால் ப வடிவக் கேணி. சிங்கையாரிய மன்னன் யமுனை நீரைக் கொண்டுவந்து இதில் கலந்தான் என்பது கதை. பழைய கந்தசுவாமி கோயிலும் தேவாலயம் நிற்கிற இந்தப் பக்கத்தில்தான் இருந்ததாம். இன்றைய கோயில் அங்கிருந்து தள்ளி, 18ஆம் நூற்றாண்டில் எழுந்தது. மருமகள் படிகளைப் பார்த்தபடி, "இதாவது உண்மையா?" என்றாள். நேற்றைய பாடம் கொஞ்சம் அதிகமாகத்தான் ஏறியிருக்கிறது.

இரவு ஒரு தாளில் அவளுக்கு நல்லூரைக் கீறிக் காட்டினேன். தலைநகருக்குக் காவலாக நான்கு திசையிலும் கோயில்கள்: கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், மேற்கே வீரமாகாளி அம்மன், வடக்கே சட்டநாதர், தெற்கே கைலாசநாதர். நான்கு பெயரும் இன்றைக்கும் வழக்கில் இருக்கின்றன, பூசையும் நடக்கிறது. நான்கையும் கோடு போட்டு இணைத்தால் ராசதானி எவ்வளவு பெரிது என்று ஓரளவுக்குத் தெரியும். கட்டடம் போனாலும் எல்லை போகவில்லை. அவள் கோட்டுக்குள்ளே ஐஸ்கிரீம் கடையையும் குறித்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 13, புதன்

நாவலர் வீதி அருங்காட்சியகம். நாவலர் கலாசார மண்டபத்துக்குப் பின்னால் இருப்பதால் தெரியாதவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். வாசலில் பழைய பீரங்கிகள், உள்ளே கந்தரோடை என்ற பழைய ஊரில் அகழ்ந்து கிடைத்த பொருட்கள். திமிங்கில எலும்பைப் பார்த்ததும் அரண்மனை விசயம் முழுக்க மறந்துபோனது பிள்ளைக்கு.

ஆகஸ்ட் 14, வியாழன்

வளைவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருந்தால் என்ன எழுதலாம் என்று யோசித்து வைத்தேன்: "நல்லூர் அரசரின் மாளிகை இந்தப் பகுதியில் இருந்தது. நீங்கள் பார்க்கும் வளைவு பின்னால் கட்டப்பட்டதாகக் கருதப்படுகிறது." சுருக்கமாக, மூன்று மொழியிலும். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறார். அவரிடம் காட்டினேன். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு வாசித்தார். "வசனம் சரி தம்பி. ஆனால் இரண்டாவது வசனத்தை முதலாவது கிழமையே ஆரோ தார் பூசி அழிப்பாங்கள்" என்றார்.

கொஞ்சம் உயரத்தில் மாட்டலாம் என்றேன்.