கிழக்கெல்லைக்குச் சாட்சி

"அப்ப என்ர கிழக்கெல்லைக்கு இனி ஆர் சாட்சி, பிள்ளை?"

சிநேகிதி செத்துப்போனா என்று சொன்னதும் ஆச்சி கேட்டது இதைத்தான். அழவில்லை. எப்ப, என்ன வருத்தம் என்றும் விசாரிக்கவில்லை. இடம்பெயர்ந்த சனத்தின் காணி அலுவலில் என்னோடு கூட வேலை செய்பவர் ஒருவர், "வயசு போனால் மனசு மரத்துப்போகும்" என்றார். எனக்கு அது ஒப்பவில்லை.

காணிக் கோப்போடு மினக்கெட்டவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும். 1990 ஆனியில் போரால் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்ட சனம், 2017 ஜூலையில் யாழ்ப்பாணத்து மயிலிட்டித் துறைமுகப் பக்கம் இராணுவத்திடமிருந்து விடுபட்டதும் போய்ப் பார்த்தால், வேலியும் இல்லை, ஒழுங்கையும் இல்லை. அப்படியான இடத்தில் முதலில் தேடுவது கிணற்றை. தூர்ந்து கிடந்தாலும் கட்டின் வட்டம் பற்றைக்குள் பிடிபடும். அதிலிருந்து நாடா பிடித்து, உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், எழுதியிருக்கிற பரப்புக்கும் குழிக்கும் பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும். இரண்டும் எங்கட காணி அளவுகள், பரப்புக்கு 18 குழி. சிக்கல் எல்லையில்தான் வரும். உறுதியில் கிழக்கே இன்னாரின் காணி என்று இருக்கும். அந்த இன்னார் இரண்டு தலைமுறைக்கு முந்திய பாட்டனாக இருப்பார். வரைபடம் இருந்தால் நில அளவையாளர் பாடு லேசு. பழைய உறுதிகள் பலவற்றுக்கு அது இல்லை. அப்போது உயிரோடிருக்கிற அயலவர் ஒருவர் சமாதான நீதவான் முன்னால் சத்தியம் செய்து எழுத்தில் சாட்சி சொல்லும் சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தால் பெரிய உதவி.

ஆச்சிக்கு அந்த அயலவர் செத்துப்போன சிநேகிதிதான். இரண்டு வளவுக்கும் பொதுவாக எல்லையில் ஒரு பங்குக் கிணறு. இடம்பெயர்ந்து இருந்த முகாமிலும் பக்கத்துப் பக்கத்துக் கொட்டில். பின்னேரங்களில் இரண்டுபேரும் இல்லாத வேலியை வைத்துச் சண்டை பிடிப்பார்கள். கிணற்றடியிலிருந்து மூலைப் பூவரசு மட்டும் பதினொரு கதியால் (வேலிக்கு நடுகிற மரத்தடி) என்பார் ஒருவர். பன்னிரண்டு என்பார் மற்றவர். வேலி எப்போதோ புல்டோசருக்குப் போய்விட்டது. கதியால் கணக்கு மட்டும் தீரவில்லை. பிறகு சிநேகிதியின் குடும்பம் வேறு ஊரில் காணி வாங்கிப் போனது. சத்தியக்கடதாசிக்கு விபரம் எடுத்தாயிற்று, கையெழுத்துத்தான் மிச்சம்.

சாவுச் செய்தி வந்ததும் வெளிநாட்டிலிருக்கும் ஆச்சியின் மகன் போனில் சொன்னார்: "அக்கா, அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. பிரஷர்க்காரி." அவரைக் குறை சொல்லமாட்டேன். தூரத்தில் இருப்பவருக்குப் பயம் இரண்டு மடங்கு. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு சாவை எத்தனை நாளைக்கு மறைக்கலாம்? பேப்பரில் அறிவித்தல் வரும், சந்தியில் பதாகை கட்டுவார்கள், 31ஆம் நாள் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகத்தை யாராவது கையில் கொண்டுவந்து தருவார்கள். அப்படித் தெரியவந்தால் சாவோடு சேர்த்து வீட்டாரையும் அவ இழந்துவிடுவா. நேரத்தோடு தெரிந்தால்தான் செத்தவீட்டுக்குப் போய் ஒருக்கால் முகம் பார்க்கலாம். எட்டாம் நாள் எட்டுச்செலவன்று போய் என்ன பார்ப்பது? மருமகளோடு கதைத்தோம். அவவும் மகனுக்கு எடுத்துச் சொன்னா. கடைசியில் அவர், "உங்கட விருப்பம்" என்றார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

இப்படியான செய்திக்கு இரவு நேரம் ஆகாது. படுக்கையில் தனியே கிடந்து யோசிப்பார்கள். காலைச் சாப்பாடும் குளிசையும் முடிந்திருக்கவேண்டும். நன்றாகக் கேட்கிற காதுப் பக்கம் இருக்கவேண்டும், வீட்டாள் ஒருவர் கையெட்டும் தூரத்தில். "கடுமை, ஆசுப்பத்திரியில" என்று இழுக்காமல் முதல் இரண்டு வசனத்துக்குள் சாவைச் சொல்லிவிடவேண்டும். சொன்னபிறகு வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கஷ்டம். போக விரும்பினால் ஓட்டோ ஆயத்தமாக நிற்கவேண்டும். எல்லாம் அப்படித்தான் நடந்தது. அந்தக் கேள்விக்குத்தான் ஆயத்தம் இருக்கவில்லை.

"அதைப் பிறகு பாப்பம், ஆச்சி" என்றேன். அவ என்னைப் பார்த்துவிட்டு, சேலை மாற்ற உள்ளே போனா.

அந்த வளவை, அந்தக் கிணற்றுத் தண்ணீரை, அந்தப் பூவரசை அவவோடு சேர்ந்து கண்ட கடைசி ஆள் போய்விட்டா. அந்தக் கேள்விதான் அவவின் ஒப்பாரி என்று சிலவேளை நினைக்கிறேன். இது என் வசதிக்கு நானே சோடித்த விளக்கமாகவும் இருக்கலாம். காணி உறுதிப்படாமல் வீட்டுத்திட்டம் கிடைக்காதே என்று உண்மையாகவே பயந்திருக்கலாம். அத்தனை வருடம் கொட்டிலில் இருந்தவருக்கு அந்தப் பயம் சின்ன விஷயம் இல்லை. அப்படியானால் "பிறகு பாப்பம்" ஒரு பதிலே அல்ல. செத்தவீட்டில் அழுதாவாம், மருமகள் சொன்னா. என்ன சொல்லி அழுதா என்று நான் கேட்கவில்லை.

சிநேகிதியின் மகனைச் சாட்சிக்குப் போடலாமா என்று பிறகு கேட்டபோது ஆச்சி மறுத்துவிட்டா. "இடம்பெயரேக்க அவன் நாலு வயசுப் பொடியன். அவனுக்கு என்ன தெரியும்?" நியாயமான மறுப்பு. நில அளவையாளர் கிணற்றை வைத்து அளந்து எல்லை போடலாம் என்கிறார். எல்லைக்கல் நாட்டும்போது தானும் வந்து நிற்கவேண்டும் என்கிறா ஆச்சி, கதியால் பன்னிரண்டுதான் என்று அவருக்குச் சொல்ல. முன்பெல்லாம் பதினொன்று என்று நின்றவ ஆச்சிதான்.