விதையில் இருந்தது, நாற்றில் இல்லை

கென்டக்கி-31 என்ற ஃபெஸ்கியூ புல்லுக்குள் வாழும் பூஞ்சையைப் பிரித்தெடுத்து, அது எந்த இனம் என்பதை மரபணு வழியாக உறுதிசெய்யும் வேலை, அமெரிக்காவில் ஆய்வு மாணவனாக இருந்தபோது எனக்கு வந்தது. மூன்று மாதத்தில் முடியும் என்று எண்ணினேன், ஓராண்டு ஓடிவிட்டது.

முதல் அடி விதையிலேயே விழுந்தது. வந்த பொட்டலத்தில் அறுவடை ஆண்டு குறிக்கப்படவில்லை, நானும் கேட்கவில்லை. விதைகளை 5 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடில் ஓரிரவு ஊறவைத்து, நசுக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது, நெளிந்த பூஞ்சை இழைகள் நீல நீலமாகத் தெரியவே, மகிழ்ந்துபோய் விதைத்தேன். ஏழு வாரம் கழித்து நாற்றுகளின் இலையுறையை உரித்துப் பார்த்தால், ஒன்றில்கூட இழை இல்லை. செத்த இழையும் சாயத்தை ஏற்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. இந்தப் பூஞ்சை தாய்ப்புல்லிலிருந்து விதை வழியாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. அறை வெப்பத்தில் நெடுநாள் கிடந்தால், விதை முளைக்கும் நிலையில் இருக்கும்போதே உள்ளிருக்கும் பூஞ்சை இறந்துவிடும். விற்றவரிடம் முறையிட்டதற்கு, "முளைக்கிறதல்லவா, பிறகென்ன குறை?" என்றார். அறுவடை ஆண்டையும் சேமித்த முறையையும் எழுத்தில் வாங்காமல் விதை வாங்காதீர்கள்.

குளிரில் வைத்த புதிய விதையிலிருந்து, நான்கு வாரக் காத்திருப்புக்குப் பின் வெண்பஞ்சு போன்ற வளர்ப்பு கிடைத்தது.

அடுத்து, இனத்தை அடையாளம் காண உதவும் டியூபுலின் என்ற புரதத்தின் மரபணு வரிசையைப் படிக்க ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். ஓர் எழுத்துக்கு ஒரு முகடு இருக்க வேண்டிய வரிசை வரைபடத்தில், ஒரே இடத்தில் இரண்டு முகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்ததால், மாதிரி மாசுபட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். இழைநுனியிலிருந்து மீண்டும் வளர்த்து அனுப்பியும் அதே பதில்தான். உண்மையில் மாசு எதுவும் இல்லை: இது மூன்று மூதாதையரின் மரபுத்தொகுதிகள் கலந்த கலப்பினம் என்பதால், அதே மரபணு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் இருக்கிறது. ஒவ்வொரு வடிவத்தையும் தனியே பிரித்துக் குளோன் செய்த பிறகு, ஒன்று எபிக்ளோயி ஃபெஸ்டூகே என்ற உறவுப் பூஞ்சையை ஒட்டியும் இன்னொன்று எபிக்ளோயி டைஃபினாவை ஒட்டியும் பிரிந்து நின்றதைக் கண்டபோது, வீணான இரண்டு மாதத்தின் எரிச்சல் சற்றுத் தணிந்தது.

கடைசிச் சிக்கல் பெயர். 1982இல் அக்ரிமோனியம், 1996இல் நியோடைஃபோடியம் என்று பேரினம் மாறி வந்த இது, ஒரு பூஞ்சைக்கு ஒரே பெயர் என்று 2011இல் மெல்போர்னில் நடந்த பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டில் எடுத்த முடிவைத் தொடர்ந்து, 2014இல் எபிக்ளோயி சீனோஃபியாலா ஆனது. பழைய பெயர்களையும் சேர்த்துத் தேடாவிட்டால் பாதிக் கட்டுரைகள் கண்ணில் படாது. வளர்த்த பூஞ்சையைச் சேமிப்பகத்தில் ஒப்படைக்கும் படிவத்திலோ பழைய பட்டியலே இருந்தது. புதிய பெயரை எழுதியதற்காக அலுவலர் இரண்டு முறை திருப்பினார். மூன்றாம் முறை நியோடைஃபோடியத்தையே தேர்ந்து, குறிப்புப் பகுதியில் சரியான பெயரை எழுதிக் கொடுத்தேன். அன்று மாலையே ஒப்புதல் வந்தது.