பச்சைக் கோடு, சிவப்புக் கோடு

மார்ச் 4

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் அண்ணனின் ரத்தத்தில் பொட்டாசியம் 3.3. நான்குக்குக் குறையக் கூடாது என்கிறார்கள். சிறுநீர் பிரிவதற்குப் போட்ட ஊசியில் இறங்கியிருக்கிறது.

மார்ச் 5

அதிகாலையில் அண்ணனின் இதயத் துடிப்பு 90இலிருந்து 154க்குத் தாவியது. வேகத்தைவிட ஒழுங்கின்மைதான் என்னைக் கலங்கடித்தது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி ஒருமுறைகூடச் சமமாக வரவில்லை. ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் என்றார் டியூட்டி டாக்டர். மேலறைகள் ஒருசேரச் சுருங்காமல் வெறுமனே நடுங்குகின்றன. கீழறைகளோ ரத்தம் நிரம்புவதற்குள் மறுபடி சுருங்கிவிடுகின்றன. அதனால் துடிப்பு கூடக்கூட உடலுக்குப் போய்ச்சேரும் ரத்தம் குறைகிறது. இதய நோயே இல்லாதவருக்கு இது ஏன் வர வேண்டும் என்று கேட்டேன். தொற்றால் உடல் முழுதும் நிலைகுலையும் செப்சிஸ், காய்ச்சல், உப்புகளின் குறைவு என்று அடுக்கியவர், கடைசியில் நார்அட்ரினலினையும் சேர்த்துக்கொண்டார். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும் மருந்தே இதயத்தைச் சீண்டவும் செய்கிறதாம். அதை நிறுத்தவும் முடியாது.

மார்ச் 6

துடிப்பை ஒழுங்குபடுத்தும் அமியோடரோன் மருந்தைத் தொடங்கிவிட்டார்கள். முதல் 150 மில்லிகிராம் பத்து நிமிடத்தில் ஏறியது. அழுத்தம் சரியக்கூடும் என்பதால் நர்ஸ் அதுவரை பம்ப்பை விட்டு நகரவில்லை. பொட்டாசியம் 3.8.

மார்ச் 7

மாலையில் அலாரம் அலறியது. மானிட்டரில் இதயத் துடிப்பைக் காட்டும் பச்சைக் கோடு முழுவதும் அகன்று உயர்ந்த பற்களாக மாறியிருந்தது. கீழறையிலிருந்து கிளம்பும் ஆபத்தான துடிப்பு இப்படித்தான் இருக்கும் என்று முந்தைய நாள்தான் கேட்டிருந்தேன். நர்ஸின் பார்வை அதில் நிற்கவில்லை. தமனிக்குள் செருகிய குழாய் காட்டும் சிவப்புக் கோடு பழைய வடிவத்திலேயே ஓடுவதைக் கவனித்துவிட்டு, குளிர்காய்ச்சலில் உதறிக்கொண்டிருந்த தோளைப் பிடித்து, மார்பில் பாதி கழன்றிருந்த மின்முனை ஒட்டியை மாற்றினார். பற்கள் மறைந்தன; உதறலும் கழன்ற ஒட்டியும் கிளப்பிய போலித் துடிப்புதான் அது. பச்சைக் கோடு இதயத்தின் மின்சாரத்தை மட்டுமே சொல்கிறது. ரத்தம் உண்மையில் தள்ளப்படுகிறதா என்பதைச் சிவப்புதான் சொல்கிறது. தொலைபேசியில் கேட்கும் உறவினர்களுக்கோ எண்தான் வேண்டும். எண்ணைச் சொல்லிச் சொல்லி எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 8

தூக்கமில்லை.

மார்ச் 9

சளியை உறிஞ்சுவதற்குக் குழாயை இறக்கியதும் துடிப்பு 38க்கு விழுந்தது. இதயத்தை மந்தப்படுத்தும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டதால் நேர்ந்தது. குழாயை வெளியே எடுத்து ஆக்சிஜனைக் கூட்டியதும் ஏறிவிட்டது. இத்தனை நாள் வேகத்துக்கு அஞ்சியவன், இப்போது மந்தத்துக்கும் அஞ்சக் கற்றுக்கொண்டேன்.

மேலறையில் தேங்கும் ரத்தம் உறைந்து மூளைக்குப் போகக்கூடும் என்பது இன்னொரு கவலை. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கொடுக்கலாமென்றால், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கும் உடலில் எங்கிருந்து கசியும் என்று சொல்ல முடியாது. இரண்டு டாக்டர்கள் கட்டிலருகே நின்று நெடுநேரம் பேசியும் ஒத்துப்போகவில்லை. நாளை மறுபடி பார்ப்பதென்று பிரிந்தார்கள். அவர்கள் தயங்கியதைப் பார்த்தபின் அவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை கூடியிருக்கிறது.

மார்ச் 10

நார்அட்ரினலின் பாதியாகக் குறைந்தது. காய்ச்சல் இல்லை. பிற்பகலில் ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் ஒரு சிறு மேடு தெரிவதை டாக்டர் விரலால் தொட்டுக் காட்டினார்: பி அலை. மேலறைகள் மறுபடி ஒழுங்காகச் சுருங்குகின்றன. துடிப்பைச் சீராக்க மின் ஷாக் கொடுக்கத் தேவைப்படவில்லை. தொற்று அடங்கியதுதான் பெரிய காரணம் என்றார். இது திரும்பியும் வரலாம் என்றார்.

மார்ச் 11

பொட்டாசியம் 4.2. மெக்னீசியம் முடிவு இன்னும் வரவில்லை. வென்டிலேட்டரின் உதவியைக் குறைத்துப் பார்க்கப்போகிறார்கள். மூச்சுக்காக உடல் பாடுபட்டால் துடிப்பு மீண்டும் குலையக்கூடும் என்பதால், முதல் அரைமணி நேரம் டாக்டர் பக்கத்திலேயே இருப்பாராம். என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள்.